மாவட்டத்துக்கு ஒருவர்

பிளஸ் டூ மார்க்கையும் நுழைவுத் தேர்வு மார்க்கையும் கூட்டிப் பார்த்தவுடனேயே எனக்குக் கால்நடை மருத்துவம் கிடைத்துவிடும் என்று தெரிந்துவிட்டது. தொண்ணூற்றாறாம் வருடம் அது. அடி அண்ணாமலையில் எங்களுக்கு இரண்டு கறவை மாடுகளும், மழையை நம்பிக் கடலை போடும் நிலமும், பௌர்ணமிக்குப் பௌர்ணமி அம்மா நடத்தும் மோர்க் கடையும் இருந்தன. வீடு நடக்க அவை போதும். ஒரு பெண்ணை ஐந்து வருடம் வெளியூர் விடுதியில் வைத்துப் படிக்கவைக்கப் போதாது. இது அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் படிப்பு நடக்காது என்று அவர் முடிவு செய்தார். அதனால் வேறு எங்காவது கேட்க வேண்டும் என்று நான் முடிவு செய்தேன்.

"மொத வருஷத்துக்குக் கடலை இருக்குதும்மா. அதுக்கப்புறம்?" என்றார் அப்பா.

"அதுக்கப்புறம் ஸ்காலர்ஷிப்பு."

"யாரு குடுப்பாங்க?"

"தெரியலப்பா. கேட்டாத்தானே தெரியும்."

அப்பா மேற்கொண்டு பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் அது சம்மதம் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

என்னோடு சேர்ந்து தேட ஒருத்தி இருந்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் டவுன் பள்ளிக்கூடத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். அவளுடைய அப்பா வாடகை வேன் ஓட்டினார். அவளுக்குப் பொறியியல் கிடைக்கும் நிலை. பணத்துக்கு எங்கள் வீட்டைப் போலவேதான். அந்தக் கோடை முழுக்க நாங்கள் இருவரும் டவுன் நூலகத்தில் செய்தித்தாள் படிக்கும் மேசைக்குக் காலையிலேயே போய்விடுவோம். பெரியவர்கள் அரசியல் பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, நாங்கள் உள்பக்கங்களில் சிறுசிறு எழுத்தில் வரும் கல்வி உதவித்தொகை விளம்பரங்களைத் தேடுவோம். விலாசத்தை எழுதி வந்து, தபால்தலை ஒட்டிய உறையை உள்ளே வைத்து, விண்ணப்பம் அனுப்பச் சொல்லிக் கடிதம் போடுவோம்.

பாதிப் பேர் பதிலே போடவில்லை. ஒரு சங்கம் தங்கள் சாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றது. இன்னொன்று ஆண்பிள்ளைகளுக்கு மட்டும். மற்றொன்று அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு.

"நம்ம அப்பாங்க ரெண்டு பேரும் கல்லு மாதிரி இருக்காங்களேடி, அதுக்கு இன்னா பண்றது?" என்றாள் அவள். நூலகம் என்பதை மறந்து சிரித்தோம். மேசைக்கு எதிரே இருந்தவர் பேப்பரைத் தாழ்த்தி எங்களை முறைத்தார்.

இதற்கு நடுவில் என் மாமா வீட்டுக்கு வந்தார். அம்மாவின் தம்பி. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கென்று அறைகள் கட்டி வாடகைக்கு விட்டு நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். காப்பியை வாங்கிக்கொண்டு, "படிக்கட்டும்க்கா. அஞ்சு வருஷமும் நான் பாத்துக்கறேன். முடிச்சிட்டு வந்ததும் நம்ம பையனுக்கே பண்ணிடலாம்" என்றார்.

தேடியதெல்லாம் ஒரே நிமிடத்தில் கையில் வந்து நிற்கிறது, ஆனால் அது நான் தேடியது அல்ல.

"மாமா, உங்க பையன கேட்டீங்களா?" என்றேன்.

"அவன இன்னா கேக்கறது?"

"என்னையும் நீங்க கேக்கலையே."

மாமா அம்மாவைப் பார்த்தார். பெண்ணை அதட்டுவாள் என்று எதிர்பார்த்திருப்பார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "கடனா குடுக்கறதுன்னா குடுடா, எழுதி வாங்கிக்க. பொண்ணுக்குப் பதிலா குடுக்கறதுன்னா காப்பிய குடிச்சிட்டு கெளம்பு" என்றாள். மாமா காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அதன்பிறகு எங்கள் வீட்டில் எனக்கு ஸ்காலர்ஷிப் கிடைப்பது ஒரு மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

ஜூன் வாக்கில் சென்னையிலிருந்து ஒரு அறக்கட்டளையின் விண்ணப்பம் வந்தது. படிப்பு முடியும்வரை விடுதிச் செலவு முழுவதும் தருவார்கள். ஆண், பெண் என்ற பேதமில்லை, சாதி கேட்கவில்லை. மாவட்டத்துக்கு ஒருவர். பின்பக்கத்தில் மாவட்டங்களின் பெயர்களை அச்சடித்திருந்தார்கள். அவள் விரல் வைத்துக்கொண்டே கீழே வந்து, மறுபடி மேலே போனாள்.

"நம்ம மாவட்டமே இல்லடி."

உண்மைதான். வட ஆற்காடு என்றுதான் போட்டிருந்தது. அதிலிருந்து திருவண்ணாமலையைப் பிரித்துத் தனி மாவட்டமாக்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தும் அந்தத் தாளுக்கு அது தெரியவில்லை.

"வட ஆற்காடுன்னே எழுதிடலாம். எதுக்கு வம்பு?" என்றாள்.

"அப்படி எழுதினா வேலூர் பசங்களோட போட்டி போடணும். நமக்குன்னு ஒரு மாவட்டம் இருக்குதில்ல? அதையே எழுதலாம்."

வருமானச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீஸுக்கு அலைந்தோம். நாங்கள் போன நேரம் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகப் பாதி ஆபீஸ் வெளியே போயிருந்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் ஊர்க் கிரிவலப் பாதையிலேயே நிற்கிறார் என்று கேள்விப்பட்டு, அம்மா அவருக்கு மோர் கொடுத்து, "நாளைக்குக் காலையில வந்தா கிடைக்குங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தாள். மறுநாள் கிடைத்தது. இருவரும் கட்டத்தில் திருவண்ணாமலை என்று பெரிதாக எழுதி அனுப்பினோம்.

இருவருக்கும் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. ஒரே நாள்.

எங்களைச் சென்னைக்குக் கூட்டிப்போனது அம்மாதான். அதற்கு முன்னால் அவளும் சென்னையைப் பார்த்ததில்லை. ஒரு பழைய வீட்டின் மாடியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்: பணத்தைக் கொடுக்கும் குடும்பத்துப் பெரியவர், கணக்குப் பார்க்கும் ஒருவர், கண்ணாடி போட்ட ஒரு அம்மையார். அந்த அம்மையார் கல்லூரியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவராம். என்னை முதலில் கூப்பிட்டார்கள்.

கணக்குப் பார்ப்பவர் என் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க வட ஆற்காட்டுலதானே வருவீங்க? அங்க ஒரு பையனை இன்னிக்குக் காலையிலயே தேர்ந்தெடுத்தாச்சே."

"இல்லீங்க சார். நாங்க தனி மாவட்டம். எங்களுக்குன்னு கலெக்டர் இருக்காருங்க. உங்க பேப்பர்லதான் இன்னும் மாறல."

"பேப்பர் ரொம்ப வருஷமா இதுதாம்மா."

"அதத்தாங்க சொல்றேன். பிரிஞ்சதுல இருந்து எங்க ஊர் பிள்ளைங்க யாருக்குமே தனியா ஒரு இடம் வரல. மாவட்டத்துக்கு ஒருத்தர்னு நீங்கதான் போட்டிருக்கீங்க. எங்களுக்கும் ஒருத்தர் வரணும் இல்லீங்களா?"

பெரியவர் மெல்லச் சிரித்து, "நியாயமாத்தான் கேக்குது" என்றார். கணக்குப் பார்ப்பவர் பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார்.

அம்மையார் என்னைக் கூர்ந்து பார்த்தார். "வெளியில உன்னோட இன்னொரு பொண்ணு உட்கார்ந்திருக்கா. இடம் ஒண்ணு கொடுத்தா ரெண்டு பேர்ல யாருக்குக் கொடுக்கலாம்?"

"எனக்குக் குடுங்க."

"அவளுக்கு வேண்டாமா?"

"வேணுங்க. அவ உள்ள வந்தா அவளுக்குன்னு கேப்பா. அதுவும் சரிதாங்க. ரெண்டு பேருக்கும் தேவை இருக்குது."

அவர் மாடுகளைப் பற்றிக் கேட்டார், கல்யாணமானால் வேலைக்குப் போவாயா என்று கேட்டார், போவேன் என்றேன். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் திண்டிவனம் தாண்டியபிறகு அவள்தான் ஆரம்பித்தாள்.

"உன்ன கேட்டாங்களா, யாருக்குக் குடுக்கலாம்னு?"

"கேட்டாங்க. எனக்குன்னு சொல்ட்டேன்."

"நானும் எனக்குன்னு சொல்ட்டேன்டி."

ஒரு கணம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு இருவரும் சிரிக்க ஆரம்பித்தோம். முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா விழித்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சி. ஒருத்தி விட்டுக் குடுத்திருந்தா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டியிருப்பா" என்றாள்.

இடம் அவளுக்குக் கிடைத்தது.

கடிதம் வந்த அன்று மத்தியானமே அவள் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன். வயிறு எரிந்தது. அதை மறைக்கவும் எனக்குத் தெரியவில்லை.

"உன்னாலதாண்டி வந்துச்சி. நீ சண்ட போட்டு வாங்கின எடம் இது" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

வாளியைக் கீழே வைத்தேன். "எடம் வாங்கினது நானு. மார்க்கு ஜாஸ்தி உனக்கு. உனக்கு வந்தது சரிதான்" என்றேன். சொன்னபிறகு எரிச்சல் கொஞ்சம் கம்மியானது. "ஆனா எனக்கு இன்னும் கெடைக்கல. நாளைக்கு நூலகத்துக்கு வரியா?"

வந்தாள். அவள் கல்லூரிக்குப் போகும் நாள்வரை எனக்காக உள்பக்கங்களைப் படித்தாள். அதற்குள் எனக்கு எதுவும் அமையவில்லை. கடலை விற்ற பணத்திலும் அம்மாவின் வளையலை அடகு வைத்ததிலும் முதல் வருடம் சேர்ந்தேன். கிடைத்தே தீரும் என்ற நினைப்பு மட்டும் எனக்கு ஒருநாளும் குறையவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சென்னை மாடியில் ஒரு முறை கேட்டு, ஒரு தாளில் இல்லாத மாவட்டத்தை உள்ளே நுழைத்துவிட்டோம் என்பதாலோ என்னவோ.

விடுதியில் சேர்ந்த முதல் மாதமே கல்லூரி ஆபீஸுக்குப் போய், "இங்க என்னென்ன ஸ்காலர்ஷிப் இருக்குதுங்க, எல்லாத்தையும் சொல்லுங்க" என்று கேட்டேன். அங்கிருந்த அக்கா, எல்லோரும் வாங்குகிறவற்றைச் சொன்னார். அவற்றில் எதற்கும் எனக்குத் தகுதி இல்லை. யாரும் வாங்காதது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் யோசித்தார்.

"ஒண்ணு இருக்கு. இங்க படிச்ச பழைய டாக்டர் ஒருத்தர் வச்சது. ரெண்டாவது வருஷத்துல இருந்து கொடுக்கலாம். ஆனா யாரும் கேக்க மாட்டாங்க. லீவு முழுக்க கிராமத்துல மாட்டு முகாம்ல வேலை செய்யணும். திரும்பி வந்து அறிக்கை எழுதணும். லீவ விட்டுட்டு யார் சாணி மிதிக்கப் போவாங்க?"

"நான் லீவுக்கு வீட்டுக்குப் போனாலும் அதத்தாங்க்கா மிதிக்கப் போறேன்" என்றேன்.

இரண்டாம் வருடத்திலிருந்து அது எனக்குக் கிடைத்தது. அம்மாவின் வளையல் திரும்பி வந்தது. கோடையில் முகாம்களுக்குப் போனேன். கோமாரிக்குத் தடுப்பூசி போட மாடுகளை வரிசையாகப் பிடித்துக் கொடுத்தேன், பிறகு நானே போடக் கற்றுக்கொண்டேன். வெயில் மண்டையைப் பிளக்கும். மாடு உதைக்கும். பெண்பிள்ளை பிடித்தால் மாடு நிற்காது என்று சொன்னவர்களின் மாடுகள் நின்றன. வந்தவுடன் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். யார் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

நான்காம் வருடம் ஒரு நாள், வகுப்பிலிருந்து என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே வேட்டி கட்டிய வயதானவர் ஒருவர் நாற்காலி வேண்டாமென்று நின்றுகொண்டிருந்தார். அந்தப் பணத்தை வைத்த டாக்டர். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. போன வருஷம் எழுதினதுல ஒரு எருமையைப் பத்தி எழுதிட்டுப் பாதியிலயே விட்டுட்ட. கன்னு வயித்துல குறுக்க மாட்டிக்கிச்சின்னு எழுதியிருக்க. அப்புறம் என்ன ஆச்சு? அது பொழைச்சுதா இல்லையா?"

"எருமை பொழச்சிடுச்சிங்க. கன்னுதான் போச்சி. அதனால எழுத மனசு வரல."

அவர் தலையாட்டினார். கன்றின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, எவ்வளவு நேரம் ஆனது, யார் உள்ளே கையை விட்டு இழுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சோதிப்பதற்காகக் கேட்கவில்லை, தொழிலை விட்டபிறகும் அந்த ஏக்கம் அவருக்குப் போகவில்லை. நின்றபடியே வெகுநேரம் பேசினோம். கடைசியில், "நான் குடுக்கறது போதுமா?" என்றார்.

ஆபீஸ் அக்கா எனக்குக் கண்ஜாடை காட்டினார், போதும் என்று சொல்லும்படி.

"மெஸ்ஸுக்குச் சரியா போவுதுங்க. புஸ்தகத்துக்குப் பத்தல" என்றேன். சொன்னது சொன்னதாகிவிட்டது, மிச்சத்தையும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. "இன்னொன்னுங்க ஐயா. ஒருத்தருக்குத்தான்னு வச்சிருக்கீங்க. எனக்குக் கீழ படிக்கிற ஒரு பொண்ணு முகாமுக்கு வர தயாரா இருக்கா. அவளுக்கும் கொடுத்தா நல்லா இருக்கும்."

"அவ மாட்டுக்குப் பயப்படுவாளா?"

"கொஞ்சம் பயப்படுவாங்க. போனா சரியாயிடும்."

அவர் சிரித்தார். அடுத்த வருடத்திலிருந்து இரண்டு பேருக்குக் கொடுத்தார்கள். புத்தகத்துக்கும் சேர்த்து.

இரண்டாயிரத்து ஒன்றில் படித்து முடித்தேன். என் தோழியும் பொறியியல் முடித்துப் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முதல் சம்பளத்தில் அவள் அப்பா ஓட்டும் வேனுக்குப் புது டயர் வாங்கிப் போட்டதாக எழுதியிருந்தாள். எனக்கு அடுத்த வருடம் எங்கள் மாவட்டத்திலேயே ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் வேலை கிடைத்தது. முதல் நாள் நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் வயிறு உப்பிய ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "டாக்டர் இல்லீங்களாம்மா?" என்றார்.

"நாந்தாங்க டாக்டரு. ஆட்ட மேசை மேல வைங்க, கால கெட்டியா புடிங்க" என்றேன்.

பிடித்தார்.