மகளைப் பற்றி இருபது வரி

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது என் மகளை நல்லாச் சொன்னால் உடனே ஒரு குறையை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடுவேன். "உம்மக பத்தாப்புல பள்ளிக்கூடத்துலயே மொதலாம்லா" என்றால், "ஆமா, சாப்பிட்ட தட்ட எடுத்து வைக்கத் தெரியாது" என்பேன். நான் பிறந்த ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பெண்கள் எல்லாருமே இப்படித்தான். பெற்றவளே பிள்ளையைப் புகழ்ந்தால் கண் பட்டுவிடுமாம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த வாய். தூத்துக்குடியில் வாக்கப்பட்டு இருபது வருஷம் ஆகியும் அது திருந்தவில்லை.

இது போதாதென்று என் வேலை வேறு. துறைமுகத்தில் இறங்குகிற சரக்குக்குச் சுங்கத்தில் தாள் போட்டுக் கொடுக்கிற கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருக்கிறேன். அங்கே முதல் நாளே சொல்லிக் கொடுத்தது, சரக்கில் குறை இருந்தால் அதை நாமே முந்திக்கொண்டு எழுதிவிடணும் என்பது. நாலு மூட்டை நனைந்திருக்கிறதா, நனைந்திருக்கிறது என்று எழுது. எழுதினால் நம்புவார்கள். மறைத்து, அவர்களாகக் கண்டுபிடித்தால் போச்சு, கன்டெய்னரையே காலி செய்து பார்ப்பார்கள்.

இந்த இரண்டு பழக்கமும் சேர்ந்து என் மகள் படிப்பில் மண்ணை அள்ளிப் போடப் பார்த்தது.

அவளுக்குக் கணக்கு படிக்கணும். அதுவும் சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில்தான் படிக்கணும். அந்தக் கல்லூரி வருஷா வருஷம் சில பிள்ளைகளை மட்டும் பரீட்சை வைத்து, நேர்காணல் வைத்து, சல்லடை போட்டுச் சலித்து எடுக்கும். எடுத்துவிட்டால் ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வீட்டுக்காரர் ட்ரெய்லர் லாரி ஓட்டுகிறவர். அவர் சம்பளமும் என் சம்பளமும் சேர்ந்தாலும் அந்தக் கல்லூரி வாசல்படியைத் தாண்டாது. ஸ்காலர்ஷிப் கிடைத்தால் சென்னை, கிடைக்காவிட்டால் உள்ளூர்க் காலேஜ். நடுவில் வேறு வழி கிடையாது.

ஆன்லைன் பரீட்சையில் தேறிவிட்டாள். தேறின பிள்ளைகளின் பெற்றோரெல்லாம் சேர்ந்து ஒரு வாட்ஸ்ஆப் குரூப் தொடங்கினார்கள். அட கூத்தே, அந்தக் குரூப்! வருமானச் சான்றிதழில் சீல் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஒரு நாள் பூராவும் விவாதம். ஒருத்தர் தன் பையன் மூன்று வயதில் வாங்கின மாறுவேடப் போட்டிச் சான்றிதழை ஸ்கேன் பண்ணலாமா என்று கேட்டார். "பண்ணுங்க சார், எதையும் விடாதீங்க" என்று பதினோரு பேர் பதில் போட்டார்கள். என் மகள் இதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன், சிரித்துவிட்டு எங்கள் ஃபைலை எடுத்து இன்னொரு தடவை சரிபார்ப்பேன்.

அந்தச் சமயத்தில் கல்லூரியிலிருந்து எனக்குத் தனியாக ஒரு மெயில் வந்தது. 'உங்கள் பிள்ளையைப் பற்றி இருபது வரிக்குள் எழுதுங்கள். தமிழிலும் எழுதலாம். பிள்ளையிடம் காட்ட வேண்டாம்' என்று இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எழுத்துன்னா நீதான். நல்லா நாலு வார்த்த எழுதிவிடு" என்று சொல்லிவிட்டு லாரிக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன். எழுதுகிற இடமும் பழக்கமும் அப்படி, கை தானாக ஓடிவிட்டது. 'எளிதில் கோபப்படுவாள். ஒரு கணக்கு வராவிட்டால் யார் கூப்பிட்டாலும் காது கேட்காது. சொந்தக்காரர்களிடம் பேச மாட்டாள். காலையில் எழுப்புவதற்குள் நம் உயிர் போய்விடும்.' இப்படியே போனது. கடைசி இரண்டு வரி: 'பக்கத்தில் இருந்து போடாவிட்டால் சாப்பிட மாட்டாள். எங்களை விட்டு ஒரு நாள்கூட வெளியில் தங்கியதில்லை.' திரும்ப வாசித்தேன். எல்லாம் உண்மைதானே, பொய் ஒரு எழுத்து இல்லையே என்று அனுப்பிவிட்டேன். நல்லது ஒன்றுகூட எழுதவில்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை.

நேர்காணல் மதுரையில், ஒரு ஹோட்டல் ஹாலில். விடிந்ததும் பஸ் ஏறி, பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தோம். ஹால் முழுக்க ஃபைலும் கையுமாகத் தாய் தகப்பன்மார். எனக்கு முன்னால் இருந்தவர் மகனிடம், "தலைமைப் பண்பு பத்திக் கேட்டா என்ன சொல்லுவ?" என்று நாலாவது தடவையாகக் கேட்டார். அந்தப் பிள்ளை பாவம், "சொல்லுவேன்ப்பா" என்று நாலாவது தடவையாகச் சொன்னான். என் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "எம்மா, பசிக்கி" என்றாள். பையில் இட்லி இருந்தது. சட்டினி சிந்தினால் சுடிதார் போச்சே என்று கொடுக்கவில்லை.

அவளை உள்ளே கூப்பிட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். கடைசி ஐந்து நிமிடம் பெற்றோரும் வரணும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. என் மகள் முகம் தெளிவாக இருந்தது, நன்றாகச் செய்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. அப்போதுதான் அந்த அம்மா ஒரு தாளை எடுத்தார்.

"நீங்க எழுதினத மூணு தடவ படிச்சேன். எல்லாமே குறையா இருக்கே?" என்றார். பிறகு, பிள்ளையிடம் காட்ட வேண்டாம் என்று எழுதினதையும் மறந்து, அவள் முன்னாலேயே கடைசி இரண்டு வரியையும் சத்தமாக வாசித்தார். "உங்க பொண்ணுகிட்ட நல்லதுன்னு ஒண்ணும் இல்லையாம்மா?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் அதிர்ச்சியாகவும் பார்க்கவில்லை, 'நீ இப்படித்தான்னு எனக்குத் தெரியுமே' என்கிற மாதிரி பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் செத்தேன்.

நல்லா படிப்பா மேடம், ஒழுக்கமான பிள்ளை மேடம் என்று சொல்லியிருக்கலாம். அதை அன்றைக்கு நூறு பேர் சொல்லியிருப்பார்கள். என் வாயில் வந்தது வேறு.

"இவ ஒம்பதாப்பு படிக்கும்போது நடந்தது மேடம். முந்திரிக்கொட்ட சரக்குக்கு உள்ள தாள வீட்டுக்கு எடுத்துட்டு வந்து பாத்துக்கிட்டு இருந்தேன். ஆறு கன்டெய்னர் பெட்டி. இவ முறுக்கு தின்னுக்கிட்டே எட்டிப் பாத்துட்டு, 'எம்மா, மூணாவது பெட்டிக்கு மட்டும் எடை தப்பா இருக்கு, ஒரு மூடைக்கு எம்பது கிலோன்னா இப்படி வராதுல்லா'ன்னா. 'எண்ணெக் கையோட தாளத் தொடாதளா'ன்னு ஏசி வெரட்டிட்டேன். பெறவு பாத்தா இவ சொன்னதுதான் சரி, எண்ணு முன்னப்பின்ன மாறிக் கெடக்கு. அது அப்படியே போயிருந்தா பெரிய வம்பாயிருக்கும். திங்கக்கெழம மொதலாளிகிட்ட நான் கண்டுபிடிச்சதாச் சொன்னேன். எல்லார் முன்னாடியும் எனக்குக் கைதட்டுனாங்க. நானும் பல்லக் காட்டிக்கிட்டு நின்னேன். இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் நான் உண்மையச் சொல்லல. இவகிட்டயும் சொல்லல. அந்தக் கைதட்டு இவளுக்கு உள்ளது மேடம்."

  அந்த அம்மா தாளில் என்னவோ குறித்துக்கொண்டு, "சரிம்மா, போய்ட்டு வாங்க" என்றார். நல்லதுக்குக் குறித்தாரா கெட்டதுக்குக் குறித்தாரா, யாருக்குத் தெரியும்.

திரும்பி வரும் பஸ்ஸில் அருப்புக்கோட்டை வந்ததும் அவள் பையை எடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி இட்லியைத் தின்றாள். தின்று முடித்து விரலைச் சூப்பிவிட்டு, "களவாணி" என்றாள்.

"யாருளா?"

"நீதான். எங் கைதட்ட நீ வாங்கிட்டு வந்திருக்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு உடனே நின்றுவிட்டது. "காக்காய்க்கே தன் குஞ்சு பொன் குஞ்சாம். நீ அந்தக் காக்காயவிட மோசம்மா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "சாப்பிட மாட்டா, வெளிய தங்குனதில்லன்னு எழுதியிருக்கியே. நான் போகக் கூடாதுன்னுதான எழுதுன?"

 கண் படும், முந்திக்கொண்டு எழுதணும் என்று அதுவரை எனக்கு நானே சொல்லிவந்த சமாதானமெல்லாம் அந்தக் கேள்வியில் பொடிப்பொடியாகப் போய்விட்டது. இந்தப் பிள்ளையிடம் இன்றைக்கு இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"தெரிஞ்சு எழுதலளா. ஆனா நீ கேக்கும்போது அப்படித்தான்னு தோணுது. ஒரே பிள்ள. நீ இல்லாத வீட்ட என்னால நெனச்சுக்கூடப் பாக்க முடியல. எப்படி இருப்பேன்னு தெரியலளா."

 அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மனசில் இருந்ததைக் கொட்டிவிட்ட நிம்மதியில், எட்டயபுரம் வருவதற்குள் நான் தூங்கிவிட்டேன். கொட்டினது அவள் தலையில் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், மூன்றரை மணி இருக்கும், ஆபீஸில் இருந்தேன். வாட்ஸ்ஆப் குரூப் திடீரென்று கலகலத்தது. 'எங்களுக்கு நேத்தே ரிசல்ட் மெயில் வந்துட்டு.' 'வாழ்த்துகள் சார்.' 'இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பெற்றோர் ஒப்புதல் குடுக்கணும், மறந்துராதீங்க.'  நேற்றே வந்திருக்கிறது, நமக்கு வரவில்லை. எல்லாம் நான் எழுதின இருபது வரியால்தான். அவளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன் என்று நினைத்தபடி, இல்லை என்று சொல்லியாவது ஏதாவது வந்திருக்கிறதா பார்ப்போம் என்று மெயிலைத் திறந்தேன்.

வந்திருந்தது. முந்தின நாள் காலையிலேயே வந்திருந்தது. என் மகள் தேர்வாகியிருந்தாள். ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம். நான்தான் பார்க்கவில்லையே தவிர, யாரோ ஏற்கெனவே அந்த மெயிலைத் திறந்து பார்த்திருந்தார்கள். என் மெயில் அவள் போனிலும் இருக்கிறது.

கூப்பிட்டேன். "ஏளா, காலேஜ் மெயில பாத்தியா?"

 "பாத்தேன்."

"எப்ப?"

"நேத்து."

"நேத்து பாத்துட்டு ஏன் சொல்லல? அஞ்சு மணிக்குள்ள நான் ஒப்புதல் பட்டன அமுக்கணுமாம்லா!"

"தெரியும்மா." குரல் இறங்கிவிட்டது. "நீ பஸ்ஸுல சொன்னேல்லா, எப்படி இருப்பேன்னு தெரியலன்னு. அதான். அஞ்சு மணி தாண்டிட்டா அது தானா போயிரும். நமக்குக் கெடைக்கலன்னு சொல்லிக்கிடலாம். ஒனக்கும் மனசுக்குக் கஷ்டமா இருக்காது."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! ஆபீஸ் என்றும் பார்க்கவில்லை. "கூறுகெட்ட கழுத! எனக்காவ நீ படிப்ப விடுவியோ? நான் அழுவேன்ளா. நல்லா அழுவேன். ஒங்கப்பாவையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு அழுவேன். அது எங்க பாடு. ஒனக்கு என்ன வந்துச்சு? நீ கெட்டிக்காரிளா. நான் பாத்த ஆளுகள்லயே நீதான் பெரிய கெட்டிக்காரி. நீ போவணும்!" ஆபீஸில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். மெயிலில் இருந்த பச்சைப் பட்டனை அமுக்கினேன். முதல் தடவை பதியவில்லை, திரும்பவும் அமுக்கினேன். 'ஒப்புதல் பெறப்பட்டது' என்று வந்தது.

"அமுக்கிட்டேன்" என்றேன்.

போனில் அவள் விசும்புகிற சத்தம் கேட்டது. விவரம் தெரிந்த நாளிலிருந்து என் முன்னால் அழாத பிள்ளை.

"எம்மா."

"சொல்லுளா."

"எனக்கும் ஒன்ன விட்டுட்டு இருக்கத் தெரியாதும்மா."

 "எனக்கும் தெரியாதுளா" என்றேன்.