காந்தாரம் தவறிய கல்யாணம்

கிள்ளானில் ஊமைப் படம் ஓட்டிய ஒரு கொட்டகையில் பியானோக்காரனாக நான் உட்கார்ந்த முதல் நாளே கொட்டகை என்னைப் பார்த்துச் சிரித்தது. திரையில் மணமக்கள் மாதா கோயில் படியிறங்கி வருகிறார்கள். என் கையிலிருந்து வந்ததோ ஒப்பாரி.

முன் பெஞ்சில் இருந்தவர் எழுந்து கத்தினார். "யோவ், கல்யாணமா கருமாதியா? படத்தைப் பார்த்து வாசிய்யா!"

ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் முத்தையா என்னை நிறுத்தினார். "ஆர்மோனியம் தெரிஞ்சவனுக்குப் பியானோ ஒண்ணுமில்லைன்னு நீதானே சொன்னே? சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். சரிவரலேன்னா வேற ஆளு லா."

நான் நாடகக் கம்பெனியோடு ஆர்மோனியக்காரனாகக் கடல் தாண்டி வந்தவன். கம்பெனி கலைந்து எல்லாரும் ஊருக்குக் கப்பலேறியபோது, பிரிக்பீல்ட்ஸில் பிறந்த என் மனைவி கனகத்துக்காக இங்கேயே தங்கிவிட்டேன். அன்று நடந்ததைச் சொன்னதும் அவள் கேட்டாள்: "சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்குல்ல? காலையில போய் உட்காருங்க."

எனக்கு முன் அங்கே வாசித்தவர் மிஸ் ரோசலின். கல்யாணமாகி மலாக்காவுக்குப் போகும் அவசரத்தில் ஒரே நாள்தான் சொல்லிக்கொடுத்தார். மூன்று சுரத்தை ஒன்றாக அமுக்கினால் கார்டு. "ஒண்ணு விட்டு ஒண்ணு அமுத்துங்க. மேஜர் சிரிக்கும், மைனர் அழும்." ஒரு கட்டைச் சுருதியில் அவர் வைத்துக் காட்டிய மேஜர் கார்டைக் கண்ணால் பார்த்து மனப்பாடம் செய்தேன். மூன்று விரலும் வெள்ளைக் கட்டைகளில். கல்யாணக் காட்சியில் சுருதியை இரண்டு கட்டைக்கு உயர்த்தினேன், அதே விரல் அமைப்போடு, வெள்ளையிலேயே. அங்கேதான் அழுகை வந்தது.

மறுநாள் காலை காலிக் கொட்டகையில் அந்த இரண்டு கார்டையும் மாற்றி மாற்றி அமுக்கினேன். கறுப்பையும் சேர்த்து எண்ணினேன். ஒரு கட்டையில் கட்டைவிரலிலிருந்து நடுவிரல் நான்கு படி, அங்கிருந்து சுண்டுவிரல் மூன்று படி. இரண்டு கட்டையில் முதலில் மூன்று, பிறகு நான்கு. ஏன் என்று விளங்காமல் வாய்விட்டுப் பாடிப் பார்த்தேன். ச, க, ப. பாடியதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. சிரித்ததில் அந்தர காந்தாரம், அழுததில் அதற்கு ஒரு படி கீழான சாதாரண காந்தாரம். பதினைந்து வருடமாக ஆர்மோனியத்தில் நான் தப்பாமல் பிடித்த சுரங்கள்! வெள்ளைக்காரன் வாத்தியம் என்றதும் காதை மூடிவிட்டு விரலை நம்பியிருக்கிறேன்.

நடுவிரலைப் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு ஏற்றினேன். கார்டு சிரித்தது.

பிறகு பன்னிரண்டு கட்டையையும் ஒவ்வொன்றாகச் சுருதியாக வைத்துப் பழகினேன். ஒவ்வொன்றிலும் மேஜர், நடுவிரலை மட்டும் ஒரு படி இறக்கி மைனர். நாலு நாள் காலையிலும் வேறு வேலை பார்க்கவில்லை. விரல் நுனி கன்றிப்போனது.

சனிக்கிழமை அதே படம். கல்யாணத்துக்கு இரண்டு கட்டையில் மேஜர் வைத்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? மகளை அனுப்பிவிட்டுத் தாய் மட்டும் வீட்டுக்குள் திரும்பும் காட்சி வந்தது. நடுவிரலை ஒரு படி இறக்கினேன். கச்சான் கடலை கொறிக்கும் சத்தம் அடங்கியது. எங்கோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள்.

முத்தையா பியானோ பக்கத்தில் வந்து நின்றார். பாராட்டவில்லை. "திங்கக்கிழமை புதுப் படம். மூணு மணிக்கு வந்துடு."

பேசும் படம் வரும்வரை அந்த நாற்காலியில் நான்தான் இருந்தேன். இன்று கற்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கார்டைக் கண்ணால் படிக்காதீர்கள், முதலில் பாடுங்கள். மேஜரா மைனரா என்பதைக் காந்தாரம் சொல்லிவிடும், அப்புறம் விரலை வையுங்கள். மைனர் என்றால் அழுகைதான் என்றும் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். வேகமாக வாசித்தால் அதே மைனரில் குதிரை பாயும், கொள்ளைக்காரன் ஓடுவான். நான் ஓட்டியிருக்கிறேன்.