பேரிங்குக்கு எண்ணெய் முழுக்கு

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடியில் பூட்டு ரிப்பேர் செய்த மலையாண்டிக்கு இரண்டு காலும் கிடையாது. பேரிங் சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, கையால் தரையை உந்தித்தான் போவார். சனிக்கிழமைதோறும் தலைக்கு வைக்கிற நல்லெண்ணெயைப் பேரிங்குக்கும் தாராளமாக ஊற்றுவார். அந்த எண்ணெயில் செம்மண் அப்பிச் சக்கரம் முக்கும்.

"முழுக்காட்டுறீகளே, அதுக்குச் சீயக்காய் யாரு போடுறது?" என்று எரிந்து விழுந்த மனைவி அழகி, ஒருநாள் பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசினாள்; துடைத்துக் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு மட்டும் விட்டாள்.

மறுநாள் பூட்டுப் பார்க்கப் போன செட்டியார் வீட்டில், வழவழப்பான ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தில் மலையாண்டி வழக்கம்போல ஓங்கி உந்தினார். பலகை சத்தமே இல்லாமல் கூடத்தின் மறுகோடிக்குப் பறந்தது. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்த அழகி பின்தங்கிவிட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவருக்காக நின்று நின்று நடந்தவள், முதல்முறையாக அவர் பின்னால் ஓடினாள்.