அணில் மாஸ்டர்

ஒரு கடலை அணிலுக்கு, ஒரு கடலை தன் வாய்க்கு. கோடம்பாக்கத்து ஸ்டுடியோ ஒன்றின் பின்மதில் ஓரம், வேப்பமரத்தடி முக்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிறார் கோதண்டபாணி. "வா நைனா, வா! இன்னா வெக்கம்? துன்னு" என்று நாக்கைத் தட்டிக் கூப்பிடுகிறார். அணில்கள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. சம்பளத்துக்குப் பார்க்கிற வேலை இது.

ஸ்டுடியோவில் ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர் மாஸ்டர், கத்திச்சண்டை சொல்லிக்கொடுப்பவரும் மாஸ்டர். ஆகவே இவர் அணில் மாஸ்டர். காதில் செருகிய பீடி, இரண்டு பையும் கடலையால் புடைத்த காக்கிக் கோட்டு. பட முதலாளி வந்தால் ஒழிய முக்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.

போன வருஷம் வரை செட்டுப் பலகை தூக்கிக்கொண்டிருந்தவர்தான். அப்போது ஒரு புராணப் படத்துக்காக இங்கே நந்தவனம் போட்டார்கள். இளவரசி பாடும்போது கிளியும் புறாவும் அருகில் வந்து உட்கார வேண்டுமென்று, கிளையில் பித்தளைத் தட்டைத் தொங்கவிட்டுத் தினை போட்டு வைத்தார்கள். வந்தது அணில். தினையைக் காலி செய்தது, புறாவை விரட்டியது, போதாதென்று இளவரசியின் சவுரியையும் இழுத்துப் பார்த்தது. யுத்தத்தால் ஃபிலிம் கிடைக்காமல் திண்டாடுகிற நேரம். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அப்போது கோதண்டபாணி பலகையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாராம்: "அதுக்கு துன்றதுக்குத் தனியா வச்சுட்டா, அது இன்னாத்துக்கு சார் இங்க வருது?"

அன்றைக்கே முக்காலி போட்டுவிட்டார்கள். அணில்களும் பித்தளைத் தட்டை மறந்துவிட்டன.

ஆனால் கோடம்பாக்கத்து அணில்கள் எல்லாம் உற்றார் உறவினரோடு பின்மதிலில் குடியேறிவிட்டன. பொட்டலமாக வந்த கடலை இப்போது மூட்டையாக வருகிறது. பத்திரிகைக்கு எழுத வந்த நான், ஏன் என்று கேட்டேன். "அதுங்களுக்கும் கல்யாணம் காட்சி கீது இல்ல சார்? வவுறு காஞ்சா தட்டாண்டதான் போவும்" என்றார். ஊரே ரேஷன் அரிசிக்குக் கால் கடுக்க நிற்கிறது. இங்கே ஓர் அணிலுக்குத் தொப்பை விழுந்திருப்பதை நானே பார்த்தேன். பொறாமையாக இருந்தது. மூட்டையில் ஒரு பங்கு மந்தைவெளிக்குப் போய், இவர் மனைவி வேலம்மாவின் அம்மியில் சட்டினியாகிறது என்று ஸ்டுடியோவில் பேசிக்கொள்கிறார்கள். கோட்டுப் பையின் ஆழத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மானேஜர் ஸ்ரீரங்கன் வந்தார்.

"ஏம்ப்பா கோதண்டம், தட்டுப் பக்கம் மாசக்கணக்கா ஒரு அணிலையும் காணோமே?"

"வராது சார். நான் கீறேன் இல்ல?" என்று மாஸ்டர் மார்தட்டிக்கொண்டார்.

"வராத அணிலுக்கு நீ எதுக்கு, கடலை எதுக்கு? ஃபிலிம் இல்லாம நின்னுபோன இளவரசி பாட்டை இன்னிக்கு மத்தியானம்தான் எடுக்கறா. அதுலயும் அணில் தலைகாட்டலேன்னா, நாளைலேர்ந்து நீ பழையபடி பலகை தூக்கப் போயிடு."

மானேஜர் போன பிறகு மாஸ்டரின் கையிலிருந்த கடலை கையிலேயே இருந்தது. பலகை தூக்கித் தூக்கி முதுகில் பிடித்துக்கொண்ட வலி, முக்காலிக்கு வந்த பிறகுதான் அவரை விட்டிருந்தது. "ஒயுங்கா வேலை செஞ்சதுக்குக் கூலி இதா சார்?" என்றார். "வேலம்மா தெருவுல அல்லார்கிட்டயும் எங்க ஊட்டுக்காரரு மாஸ்டருன்னு சொல்லிக்கினு கீது. இனிமே அதும் மூஞ்சில எப்டி சார் முயிக்கிறது?"

கிண்டல் செய்து எழுதலாம் என்று வந்தவன் நான். ஆனாலும் பாவமாகத்தான் இருந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லாரும் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். மாஸ்டர் பீடியைப் பற்ற வைத்தார், இரண்டு இழுப்பு இழுத்தார், அணைத்துவிட்டு எழுந்தார். கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி நந்தவனத்தை நோக்கி நடந்தார். அவர் போன வழியெல்லாம் கடலை விழுந்துகொண்டே போயிற்று. பின்தொடர்ந்து போய் ஒரு மரத்துக்குப் பின்னால் நான் நிற்பதை அவர் கவனிக்கவில்லை. பித்தளைத் தட்டுக்குக் கீழே நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு பையைத் துழாவி, இருப்பதிலேயே பருத்த கடலை ஒன்றை எடுத்து உரித்து, தோலை வாயால் ஊதிவிட்டு, தினைக்கு நடுவில் வைத்தார்.