சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு எத்தனை நேரம்

கோர்ட்டுக்குப் போய்விட்டு, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கும் அப்பாதான் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருகிறார். அறுவடைக் கூலியை உயர்த்தச் சொல்லி வேலைநிறுத்தம் நடந்தபோது பண்ணையாரின் ஆட்களை அரிவாள் காட்டி மிரட்டியதாக அவர்மேல் வழக்கு. வாய்தாவுக்கு வாய்தா, விடியலில் கிளம்பி நாகூரைத் தாண்டி நடந்தே போவார். மெட்ராஸில் ஆட்சி மாறிற்று, கூலிக்குச் சட்டம் வந்தது, மேடைக்கு மேடை ஏழை வாழ்க என்றார்கள். வழக்கு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

எங்கள் தெருவில் சிங்கப்பூர் வேலைக்கு விமானம் ஏறியவன் நான் ஒருவன்தான். முதல் விடுமுறையில் வந்தபோது அப்பா கேட்டார்: "தீர்ப்பு சொல்ற அன்னிக்கு நீ பக்கத்துல இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும் தம்பி. ப்ளேன்ல வர எத்தனை நேரம் ஆவும்?"

சிங்கப்பூரிலிருந்து மெட்ராஸுக்கு ஆயிரத்து எண்ணூறு மைல், நாலு மணி நேரம். அப்புறம் ஒரு ராத்திரி பஸ். ஆனால் ஒருமுறை வந்தால் ஒவ்வொரு தகராறுக்கும் கூப்பிடுவார்கள் என்று எனக்குப் பயம். சேறு கழுவிப் போனவனுக்கு மறுபடி அதில் காலை வைக்க மனசில்லை. "வீடு வந்து சேர ரெண்டு நாள் ஆவும்பா" என்றேன்.

"அடேயப்பா, இடுப்பு விட்டுப்போயிடுமே" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. விடுதலையான அன்றைக்கும் நான் போகவில்லை. மகன் எங்கே என்று கேட்டவர்களிடம், "ரெண்டு நாளு வானத்துலயே வரணும், சும்மாவா?" என்று எனக்காகச் சண்டை பிடித்தாராம்.

ஒரு சித்திரையில் தங்கையின் கணவர் கடைத்தெரு பூத்திலிருந்து போன் செய்தார். "காலையில மாமா போயிட்டாரு மச்சான். நீங்க வர்ற வரைக்கும் வச்சிருக்கலாம்னா, ரெண்டு நாளு இந்த வெயில்ல தாங்காது. எடுத்துடலாங்களா? நீங்க சொல்றதுதான்."

நான் ஒரே மகன். கொள்ளி வைக்க வேண்டியவன். மத்தியான விமானத்தைப் பிடித்தால் மறுநாள் காலையில் வீட்டில் இருப்பேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் இத்தனை வருஷமும் அந்த மனிதனை ஏமாற்றியது தெரிந்துவிடும். "எடுத்துடுங்க மாப்பிள்ளை" என்றேன்.

பங்காளி மகன் ஒருவன் கொள்ளி வைத்தான். உடனே போய் நின்றால் குட்டு உடைந்துவிடும் என்று, அன்றைக்கு முழுவதும் அறையில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் மத்தியானம்தான் விமானம் ஏறினேன். என்னைவிடக் கேடுகெட்டவனை நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கை கட்டிக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்து, கூடத்தில் பாயை விரித்தாள். "ரெண்டு நாளா உட்கார்ந்தே வந்திருக்கீங்க. கொஞ்சம் படுங்கண்ணே" என்றவள், துக்கத்துக்கு வந்தவர்களிடம், "அண்ணனை யாரும் எழுப்பாதீங்க" என்றாள்.

நான் படுத்து, களைத்தவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.