ஏறி இறங்கும் சக்தி

விடுமுறைக்குக் குனோங் ராபாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் மணிக்கட்டில் ஒரு கறுப்பு ரப்பர் காப்பு இருந்தது. சர்க்கரை நோய்க்கு எடுத்துவந்த இனிப்புநீர் மாத்திரையை நிறுத்திவிட்டிருந்தார். காப்பை விற்ற அண்ணன் அடுத்த வரிசை வீட்டுக்காரர். நேரே போனேன்.

"தம்பி, இது குவாண்டம் காப்பு. உடம்புல சக்தி ஏறி இறங்காம பிடிச்சு வைக்கும். நீ படிக்கிறதுதான்லா," என்றார்.

எனக்குக் காதெல்லாம் சூடானது. எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவன் நான். என் ஆய்வே அந்த ஏறி இறங்குவதைப் பற்றித்தான். சுற்றியிருக்கும் காற்றும் வெப்பமும் தொட்டுக்கொண்டே இருந்தால் அணுவின் அலைகள் ஒத்திசைவை இழந்துவிடும். அதன் சக்தியும் ஒரே அளவில் நிற்காது. அதற்காகத்தான் உறைகுளிரில், வெற்றிடத்தில் அதை அடைத்து வைத்துப் பாடுபடுகிறோம். வேர்க்கிற கையில் ஒரு ரப்பர் வளையம் என்ன செய்துவிடும்? தமிழ்ப்பள்ளி அறிவியலிலும் சக்தி, கோயிலிலும் சக்தி. அந்த ஒரு சொல்லை வைத்தே இவருக்கு வியாபாரம்.

"அண்ணே, நான் படிக்கிறது அணுவோட சக்தி. அம்மாவுக்கு ஏறுறது சீனி. இனிமே என் படிப்பைச் சொல்லி விக்காதீங்க."

"படிச்ச திமிரு," என்று முணுமுணுத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் கத்தினேன்.

"நீ படிக்கிறதுன்னு சொன்னதாலதானே கட்டுனேன். அப்போ உன் படிப்பு எதுக்குத்தான்பா ஆகும்?"

"இனிப்புநீருக்கு ஆகாதும்மா."

அம்மா காப்பைக் கழற்றிவிட்டு மாத்திரையை விழுங்கினார்.

"இந்தத் தாமான் வீடுங்கள்ல உன் பேரைச் சொல்லி இன்னும் நாலு பேருக்கு அவன் காப்பு கட்டியிருக்கான். அவங்ககிட்டயும் போய்ச் சொல்லு. கத்தாம சொல்லு."