கொக்குக் கூட்டுக்காகக் கார் கழுவிய அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் என்னை எழுதச் சொன்னவர் அண்ணி. "பூசி மெழுகாம எழுதுப்பா" என்று நிபந்தனை வேறு.

அண்ணன் பிறந்தது பொழிச்சலூரில். அப்பா காலமானபோது அவருக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியை விட்டுவிட்டு, பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் கணக்கராகச் சேர்ந்து, என்னைப் பொறியியல் படிக்க வைத்தார். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். சின்ன உதவி செய்தாலும் நாலு பேருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஓய்வு பெற்றபின் காலையில் மாடம்பாக்கம் ஏரிக்கரையில் நடப்பார். சில நாள் நானும் போவேன். கொக்கு ஒன்று தண்ணீரில் அசையாமல் நின்றால் அவரும் நின்றுவிடுவார். "வாங்கண்ணா, நேரமாச்சு" என்று நச்சரிப்பேன்.

"எவ்ளோ நேரமா நிக்குது பாரு. கத்தல, மொறைக்கல. ஆனா அதோட வேலை நடந்துடும்டா" என்பார். எனக்கு அது வெட்டிப் பேச்சாகவே பட்டது.

அவர் மறைவதற்கு முந்தைய ஆண்டு, நாங்கள் இருவரும் குடியிருக்கும் அடுக்ககத்தின் தூங்குமூஞ்சி மரத்தில் கொக்குகள் கூடு கட்டின. கீழே நின்ற கார்களெல்லாம் எச்சம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான். கிளைகளை வெட்ட ஆள் பேசிவிட்டேன். கூட்டத்தில் அண்ணன் எழுந்து, "குஞ்சு பறக்கிற வரைக்கும் பொறுத்துக்கலாமே" என்றார்.

"வேலையத்தவங்களுக்கு என்ன? காரை நீங்களா கழுவப் போறீங்க?" என்று நாற்பது பேர் முன்னிலையில் சீறினேன்.

"சரிடா, நானே கழுவறேன்" என்றார். யாரும் நம்பவில்லை. மறுநாள் விடிந்ததும் வாளியும் துணியுமாக வந்து நின்றார். ஒருநாள் விடாமல் பதினோரு கார்களையும் கழுவினார். என் காரைத்தான் முதலில் கழுவுவார். ஒரு வாரத்தில் அக்கம்பக்கத்தாரும் வாளி தூக்கினார்கள். கிளை வெட்டும் பேச்சு அடங்கிப்போனது. ஏரிக்கரையில் அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் நான் கீழே இறங்கவில்லை. பல மாதம் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவும் இல்லை. வெட்கம்தான், வேறென்ன!

கடைசி வாரத்தில், மருத்துவமனை அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "அண்ணா, அன்னைக்குக் கூட்டத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"கோர்ட்டுக்கா வந்திருக்க? உக்காருடா. காபி குடிச்சியா?" என்று பேச்சை மாற்றிவிட்டார். இரண்டு நாளில் போய்விட்டார்.

அண்ணிக்குத் துணை நின்ற உறவினர்களுக்கும், ரத்தம் கொடுத்த நண்பர்களுக்கும், அன்று அண்ணனோடு வாளி தூக்கிய அயலாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

எல்லோர் முன்னாலும் அவரை அவமானப்படுத்திவிட்டு, மன்னிப்பை மட்டும் யாருமில்லாத அறையில் கேட்கப் பார்த்தேன். அது நியாயமில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த அத்தனை பேர் கையிலும் இன்று இம்மலர் இருக்கிறது.

அண்ணா, நான் பேசினது தப்பு. என்னை மன்னிச்சிடுங்கண்ணா.